பதினோராவது ஷெட்

கராமா, துபாய்
12.3.2004

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். வலது கையில் இரண்டு விரல்களை நேற்று ஒருத்தன் ஷட்டரில் வைத்து நசுக்கிவிட்டான். நகங்கள் கறுத்துவிட்டன, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். போனில் சொல்லலாம் என்றால், வெல்டிங் ஷாப்பில் கிரைண்டர் தின்றது போக மிச்சமிருக்கும் உங்கள் காதில் பாதிதான் விழும். மீதிப் பாதிக்கு "என்னடா, என்னடா" என்று கேட்டே கார்டு தீர்ந்துபோகும். அதனால் இனி நமக்குள் கடிதம்தான்.

சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிற வேலையை விட்டுவிட்டேன். கடை, ஆபீஸ், கோடவுன் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். திட்டாதீர்கள், மீதியையும் படியுங்கள். முதல் வேலையாக, பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். வெயிலில் நின்று எண்ணினேன். இரண்டாயிரத்து நூற்றுப் பத்துப் பேர். அந்தக் கணக்கைச் சொல்லியே ஒரு செருப்புக் கடைக்காரருக்கு இடத்தைப் பேசி முடித்துவிட்டேன். அந்தக் கடையின் சாவி ஏற்கெனவே வேறொரு புரோக்கர் கையில் இருந்திருக்கிறது. அவன் வந்து, "என் கடையிலயே கை வைக்கிறியாடா?" என்று கேட்டான். நான் உண்மையிலேயே கையை அங்கேதான் வைத்திருந்தேன். ஷட்டரை இறக்கிவிட்டான். இடது கையால் அவன் மூக்கில் ஒன்று விட்டேன். சட்டையெல்லாம் அவன் ரத்தம். அந்தச் சட்டையோடுதான் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன்!

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும் மச்சான்: காலி. அரபியும் காலி என்கிறான், இந்திக்காரனும் காலி என்கிறான், நாமும் அதையேதான் சொல்கிறோம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வாட்ச்மேனைப் பார்த்து அதை மட்டும் கேட்பேன். பி.காம். படித்து இத்தனை நாள் வீணாய்ப் போனேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
விஜயபாஸ்கர்

முசஃபா, அபுதாபி
2.4.2004

மாப்பிள்ளை விஜயபாஸ்கருக்கு,

உன் கடிதம் கம்பெனி தபால் பெட்டியில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வந்தது. படித்து முடித்ததும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பயல் பெயர் என்ன, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. உன் அக்கா ஜெயமணி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான்.

உனக்கு அப்போது விவரம் தெரிகிற வயதுதான். கண்மாய் மடைத் தகராறில் நான் வெட்டியவன் இன்றைக்கும் அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் இருக்கிறான். கேஸை சமாதானமாக முடித்து என்னை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். எட்டு வருடமாக இங்கே ஒருத்தனையும் தொட்டதில்லை. கேம்பில் என் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நடந்தவனைக்கூட விட்டுவிட்டேன். என் கோபம் வரும்போது என்னிடம் சொல்லிவிட்டு வருவதில்லை, மாப்பிள்ளை. அதனால் அதன் பக்கமே நான் போவதில்லை. நீயும் மூக்கை உடைத்ததைப் பெருமையாக எழுதாதே.

பெரிய சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாய். நம் ஊரில் ஒருத்தனைக் காலி பண்ணிவிட்டார்கள் என்றால் பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். நீ அதைச் சொல்லிச் சாவி வாங்குகிறாய். எப்படியோ பிழைத்துக்கொள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எதிர் வரிசையில் ரேடியேட்டர் ஷாப் வைத்திருக்கிற சதக்கத்துல்லா பாய் கீழக்கரைப் பக்கத்து ஆள். எல்லோரும் என்னிடம் கத்துகிறார்கள். அவர் ஒருவர்தான் என் முகத்துக்கு நேரே வந்து வாயை மெதுவாக அசைத்துப் பேசுவார். வெள்ளிக்கிழமை சாப்பாடு அவரோடுதான். உன் தொழிலைப் பற்றிச் சொன்னேன். "நல்ல தொழில்தாம்ப்பா, அடுத்தவன் கடையப் புடுங்காத வரைக்கும்" என்று சிரித்தார். விரலுக்கு மருந்து போடு.

உன் அக்கா வீட்டுக்காரன்,
பாண்டித்துரை

பர்துபாய்
18.11.2005

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். இருங்கள். உங்கள் மைத்துனன் இப்போது டை கட்டுகிறான். கார் வாங்கிவிட்டான், கடன்தான், ஆனாலும் கார். ஆபீஸில் எனக்கென்று கண்ணாடி போட்ட அறை இருக்கிறது.

கடைகளை விட்டுக் கோடவுன், ஒர்க்ஷாப் என்று போய்விட்டேன். அங்கேதான் கமிஷன். புதிதாக வருகிறவனுக்கு இடம் காட்டுவது சுலபம். ஏற்கெனவே இருக்கிறவனைக் கிளப்புவதுதான் வேலை. கிரேன் கம்பெனியிலிருந்து துரத்தப்பட்ட சோலைமுத்து என்று ஒருத்தன் கிடைத்திருக்கிறான். கடைகளைக் காலி பண்ணித் தருவதுதான் அவன் உத்தியோகம். போன மாதம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். சோலைமுத்து உள்ளே போய் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான். நான் வெளியே காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி உடைகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் வெறுங்காலோடு சில்லுகளின் மேல் நடந்து வெளியே வந்தார். அவர் கால்களைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளே கடை காலி.

இப்போது பெரிய வேலை ஒன்று கையில் இருக்கிறது. உங்கள் முசஃபாவில்தான். ஒரே வரிசையில் பதினோரு ஷெட். ஒரு டயர் கம்பெனிக்கு மொத்தமாக வேண்டுமாம். இடத்துக்குச் சொந்தக்காரரான அர்பாப் ஒத்துக்கொண்டுவிட்டார். எந்த வரிசை என்று சொல்லமாட்டேன், தொழில் ரகசியம். முடித்தால் கம்பெனியில் என்னைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அபுதாபியில் ஒரு வீடு எடுத்து அக்காவைக் கூட்டிவந்து உங்களோடு குடிவைக்கப் போகிறேன். மூன்று வருடமாக நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தங்கள்,
விஜயபாஸ்கர்

முசஃபா
9.5.2006

மாப்பிள்ளை,

வீடு, அக்கா என்று நீ எழுதியதைப் பலமுறை படித்துச் சந்தோஷப்பட்டவன்தான். இன்று வேறு விஷயம்.

எதிர் வரிசையில் ஷெட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தன. கரண்ட் போனது, சாக்கடையை அடைத்தார்கள். பத்துப் பேர் போய்விட்டார்கள். சதக்கத்துல்லா பாய் மட்டும் போகவில்லை. அவரிடம் இன்னும் இரண்டு வருடத்துக்கு வாடகைப் பேப்பர் இருக்கிறது. திங்கட்கிழமை பட்டப்பகலில் நான்கு பேர் இரும்புப் பைப்போடு வந்தார்கள். முதலில் ரேடியேட்டர்களை உடைத்தார்கள். தடுக்கப்போன மனுஷனைத் தரையில் போட்டு அடித்தார்கள். தோள் எலும்பு முறிந்துவிட்டது. முன்பற்கள் மூன்று போய்விட்டன. மெதுவாக அசைந்து என்னோடு பேசுகிற வாய் அது. இப்போது அவர் பேசுவது எனக்குச் சரியாகப் புரிவதில்லை.

நான் எதிரே வெல்டிங் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. போனால் நான்கு பேரும் உயிரோடு திரும்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பயந்து நின்றேன். அவர் தரையில் கிடந்து என்னைத்தான் பார்த்தார். வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை.

அடித்தவர்களில் ஒருத்தனை மற்றவர்கள் "சோலைமுத்து அண்ணே" என்று கூப்பிட்டார்களாம். பாய் எழுதிக் காட்டினார். அந்தப் பெயரை நான் உன் கடிதத்தில் படித்திருக்கிறேன். அது வேறு ஆள், உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

பாண்டித்துரை

பர்துபாய்
21.5.2006

அன்புள்ள மச்சானுக்கு,

பொய் சொல்லப் போவதில்லை. அது என் ஆள்தான். அது என் டீல்தான்.

நீங்கள் கோபப்படுவதற்கு முன்னால் என் நிலைமையைக் கேளுங்கள். ஜூன் முப்பதாம் தேதிக்குள் பதினோரு ஷெட்டும் கைக்கு வராவிட்டால் டயர் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பத்து ஷெட்டைக் காலி பண்ண ஆறு மாதம் நாய் மாதிரி அலைந்திருக்கிறேன். ஒரே ஒரு ஆளால் எல்லாம் கெட்டுப்போக வேண்டுமா? இழப்பீடு தருகிறேன் என்றேன், வேறு ஷெட் காட்டினேன். "இங்கேயேதான் இருப்பேன்" என்கிறார். அர்பாப் என்னை எல்லோர் முன்னாலும் கழுதை என்று திட்டினார். மேனேஜர் என் அறைக் கண்ணாடியைத் தட்டி, முப்பதாம் தேதிக்குப் பிறகு இதில் யார் உட்காருவார் என்று கேட்டார். இது போனால் நான் மறுபடி பில் போடத்தான் போக வேண்டும்.

சோலைமுத்துவை இனி அனுப்ப முடியாது, அக்கம்பக்கத்தில் முகம் தெரிந்துவிட்டது. அந்த ஆள் நம்புவது உங்களை மட்டும்தான். உங்களால் எது முடியும் என்பது அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும்.

சதக்கத்துல்லாவை முப்பதாம் தேதிக்குள் காலி பண்ணிவிடுங்கள் மச்சான். எப்படி என்று நான் கேட்கமாட்டேன். அக்காவுக்கு விசா பேப்பர் தயாராக இருக்கிறது. பால்கனி வைத்த வீடும் பார்த்துவிட்டேன்.

உங்களை மட்டுமே நம்பியிருக்கும்,
விஜயபாஸ்கர்

16.7.2006

மாப்பிள்ளை,

அன்புள்ள என்று போட வரவில்லை. விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே தபாலில் போகிற, வருகிற தமிழ்க் கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துவிட்டுத்தான் விடுவார்.

சதக்கத்துல்லா பாய் இறந்துவிட்டார். அடித்தவன் நான். இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். எப்படி என்று கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் கடிதத்தை ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முதல் தடவை படித்தபோதே எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. அதைச் செய்யக் கூடாது என்று இருந்தேன். ஆனால் நான் செய்யாவிட்டால் நீ வேறு ஆளைப் பிடிப்பாய். அதனால் பாயை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "பாய், கிளம்பிருங்க. உசுரு இருந்தா எங்கயும் பொழச்சுக்கலாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்தால் பயந்துபோய்க் கிளம்புவார் என்று நினைத்தேன்.

என் புத்தியைப் பார்! அவரைத் தீர்க்கச் சொல்லி என் பெயருக்கு வந்த கடிதம் அது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிற்பவனும் நான். அன்றைக்கு அவரை அடித்தபோது கை கட்டி வேடிக்கை பார்த்தவனும் நானே. அவர் என்ன நினைப்பார்? முகம் வெளிறிப்போய் ஏதோ கேட்டார். பல் போன வாய், வேகமாக வேறு அசைத்தார், எனக்குப் புரியவில்லை. என்னவென்று பார்க்க ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வீல் ஸ்பானரை எடுத்து என் தலைக்கு வீசினார். காதோரம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அதற்கப்புறம் என் கையில் ஒரு பைப் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முதல் அடி என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அதோடு அவர் விழுந்துவிட்டார். இரண்டாவது அடியும் அடித்தேன். மூன்றாவதும் அடித்தேன். பட்டறைக்காரர்கள் வந்து பிடிக்காவிட்டால் நிறுத்தியிருக்கமாட்டேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். தூக்கிக்கொண்டு போனபோதும் உன் கடிதத்தைக் கையை விட்டு விடவில்லையாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அது இப்போது போலீசிடம் இருக்கிறது.

என்னிடம் உன் கடிதம் மொத்தம் பதினான்கு வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் கடையைக் காலி பண்ணினேன், ஷெட்டைக் காலி பண்ணினேன் என்றுதான் எழுதுவாய். இந்த ஒன்றில்தான் சதக்கத்துல்லாவை என்று எழுதியிருந்தாய். கை தவறி எழுதினாயா, நினைத்துத்தான் எழுதினாயா? எனக்கு இது ஒன்று தெரிய வேண்டும். கை தவறியது என்றால் நான் ஒரு நல்ல மனுஷனை முட்டாள்தனத்தால் கொன்றேன். நினைத்து எழுதினாய் என்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றோம்.

பாண்டித்துரை

பர்துபாய்
5.8.2006

மதிப்பிற்குரிய மைத்துனர் பாண்டித்துரை அவர்களுக்கு,

நடந்த துயரச் சம்பவம் அறிந்து மிகுந்த வேதனை அடைந்தேன். 21.5.2006 தேதியிட்ட என் கடிதத்தில், சம்பந்தப்பட்ட ஷெட்டைச் சட்டப்படி காலி செய்து கொடுக்கும்படி வாடகைதாரரிடம் எடுத்துச் சொல்லுமாறு மட்டுமே தங்களைக் கேட்டிருந்தேன் என்பதைத் தெளிவாகத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் வாடகைதாரரின் பெயரைச் சொல்லிக் காலி செய்வது என்று குறிப்பிடுவது அன்றாட வழக்கம். இதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை.

தங்கள் உடல்நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
விஜயபாஸ்கர்

11.10.2006

விஜயபாஸ்கர்,

உன் பத்திரம் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் என் பெயரை ஏன் போட்டாய்? நான் கேட்டது எனக்கு. இதையும் ஆள் கையில்தான் அனுப்புகிறேன்.

போன வாரம் கோர்ட். எனக்குக் காது கேட்காது என்றதும் மொழிபெயர்ப்பாளர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். 'இந்த வரிக்கு இடத்தை விட்டுக் கிளப்புவது என்று அர்த்தமா, ஆளைக் கொல்வது என்று அர்த்தமா?' அவர் தஞ்சாவூர்க்காரர். அவருக்கா தெரியாது! இடத்தை விட்டுக் கிளப்புவது என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடி நீட்டினார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இந்தக் கொலைக்காக உன்னை யாரும் தேடி வரமாட்டார்கள்.

உனக்காகச் சொல்லவில்லை. ஜெயமணிக்காகச் சொன்னேன். புருஷன் உள்ளே இருக்கிறான், தம்பியாவது வெளியே இருக்கட்டும். அவளிடம் வேலை இடத்தில் சண்டை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இறந்தவர் குடும்பம் மன்னித்தால் இங்கே தண்டனை குறையுமாம். பாயின் மனைவி மெஹர்பானு என்னை மன்னிக்க முடியாது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நானாக இருந்தாலும் மன்னிக்கமாட்டேன். தண்டனை இன்னும் சொல்லவில்லை. எதுவானாலும் எனக்கு வரவேண்டியதுதான்.

இனி எனக்கு எழுதாதே. உறையில் உன் எழுத்தைப் பார்த்தாலே என் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. ஒருநாள் நான் வெளியே வந்தால் நீ இருக்கிற ஊர்ப்பக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பிணத்தை உன் அக்கா வீட்டு வாசலில் போட எனக்கு விருப்பமில்லை.

பாண்டித்துரை

அறை எண் 14, மூன்றாவது மாடி
கராமா, துபாய்
27.11.2006

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதாதே என்று சொன்னீர்கள். இது ஒன்று மட்டும். இதற்குப் பிறகு எழுதமாட்டேன்.

போலீஸ் பூட்டி வைத்திருந்ததால் டயர் கம்பெனி கெடுவை நீட்டிக் கொடுத்தது. போன வாரம் பதினோரு ஷெட்டையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர்களுடைய மேனேஜர் முன்னால் நடந்து ஒவ்வொரு ஷட்டராகத் திறக்கச் சொல்லி, "காலி?" என்று கேட்டார். நான் "காலி" என்று சொல்லி டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பத்துத் தடவை சொன்னேன். பதினோராவது ஷட்டரைத் தூக்கினால், தரையைக் கழுவி விட்டிருக்கிறார்கள். சிமெண்டு மட்டும் ஒரு மூலையில் வேறு நிறமாக இருந்தது. சுவரில் அவர் பென்சிலால் எழுதிய வண்டி நம்பர்கள் அப்படியே இருந்தன. ஒரு நம்பர் பக்கத்தில் 'பாண்டி வெள்ளி வருவான்' என்று எழுதியிருந்தார். மேனேஜர் அந்தச் சொல்லைக் கேட்டார். நான் தாளையும் பேனாவையும் அவரிடமே நீட்டிவிட்டேன். அவரே தாளை வாங்கி டிக் போட்டுக்கொண்டார்.

மறுநாள் என்னைப் பங்குதாரராக அறிவித்துக் கேக் வெட்டினார்கள். கத்தியை என் கையில் கொடுத்தார்கள். நான் அதை வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கை தவறவில்லை. முதலில் 'சதக்கத்துல்லாவின் ஷெட்டை' என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். இப்படி எழுதினால் நீங்கள் போய்ப் பேசுவீர்கள், முடியவில்லை என்று பதில் போடுவீர்கள் என்று தோன்றியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாள் எடுத்து, 'ஷெட்' என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதினேன். நீங்கள் யார், உங்கள் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்து எழுதினேன். பின்னால் கேள்வி வந்தால் தொழில் வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் அப்போதே யோசித்துவிட்டேன். அந்தப் பைப்பை உங்கள் கையில் கொடுத்தது நான்தான் மச்சான். நீங்கள் அவரைக் காப்பாற்றத்தான் போனீர்கள் என்று படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அப்படியும் அந்தப் பத்திரத்தை எழுதினேன்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். அவள் யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதாவது அவளுக்குச் சரியாகத் தெரியட்டும்.

இதை யார் கையிலும் கொடுத்தனுப்பவில்லை. தபாலில்தான் போடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் ஐயா அவர்களுக்கு: இந்தக் கடிதத்தை முதலில் படிப்பவர் நீங்கள்தான் என்று தெரியும். என் மச்சான் கோர்ட்டில் சொன்னது உண்மையில்லை. சதக்கத்துல்லாவைக் கொல்லச் சொல்லித்தான் நான் எழுதினேன். இதை எழுத வேண்டியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். முகவரியை மேலே தெளிவாக எழுதியிருக்கிறேன். நான் எங்கும் போகமாட்டேன்.

விஜயபாஸ்கர்